டீன்ஏஜ் கர்ப்பத் தடுப்பு விளம்பரம் எவ்ளோ கடுமையா இருக்கலாம்? நியூயார்க் போஸ்டர் சண்டை பத்தி ஒரு விரிவான பதில்

புதுசா படிக்கிறவங்களுக்காக கேள்வியை சுருக்கமா சொல்லிடுறேன். 2013 மார்ச்ல நியூயார்க் சிட்டி நிர்வாகம் சப்வேலயும் பஸ் ஸ்டாப்லயும் சின்ன குழந்தைங்க முகத்தை பெருசா போட்டு டீன்ஏஜ் கர்ப்பத்துக்கு எதிரா போஸ்டர் ஒட்டினாங்க, அது பெரிய சண்டை ஆச்சு. அதை வச்சு உங்க காலேஜ்ல டிபேட். "இந்த அளவுக்கு அடிச்சு சொன்னாதான் அந்த வயசுல மண்டைல ஏறும்"னு ஒரு கோஷ்டி, "இது அநியாயம்"னு இன்னொரு கோஷ்டி, எது சரின்னு கேட்டிருக்கீங்க.

நான் சுகாதார விழிப்புணர்வு பிரச்சாரம் பக்கமே ரொம்ப வருஷமா வேலை பாக்குற ஆளு, அதனால இதுல எனக்கு அழுத்தமான அபிப்ராயம் உண்டு. அந்த போஸ்டர் எல்லை மீறினதுதான். ஆனா கடுமை அதுக்கு காரணம் கிடையாது. கடுமையான விளம்பரம் நல்லா வேலை செஞ்ச இடம் நிறைய இருக்கு, அதையும் கீழ சொல்றேன். இந்த போஸ்டர்ல அடி விழுந்தது தப்பான ஆள் மேல, அடிச்சிட்டு "சரி, இப்ப நீ என்ன பண்ணணும்"னும் சொல்லல, அதுதான் என் குறை.

முதல்ல போஸ்டரை ஒழுங்கா பாப்போம், ஏன்னா பாதி பேர் அதை பாக்காமயே சண்டை போடுறாங்க. ஒண்ணுல சுருட்டை முடி பையன், ரெண்டு வயசுக்குள்ளதான் இருக்கும், கன்னத்துல கண்ணீர் வழியுது. பக்கத்துல அவன் பேசுற மாதிரி எழுத்து: நீ டீன்ஏஜ்ல என்னை பெத்ததால நான் ஹைஸ்கூல் முடிக்காம போறதுக்கு ரெண்டு மடங்கு வாய்ப்பு இருக்கு. இன்னொண்ணுல ஒரு சின்ன பொண்ணு அம்மாகிட்ட சொல்லுது, உண்மையை சொல்லணும்னா அம்மா, அவன் உன்கூட நிலைக்க மாட்டான், அப்ப என் கதி என்ன? மூணாவது அப்பாவை பாத்து, அடுத்த 20 வருஷம் எனக்காக நீ காசு கட்டிட்டே இருக்கணும். (நியூயார்க் மாநில சட்டப்படி பிள்ளைக்கு 21 வயசு ஆகுற வரைக்கும் பெத்தவங்க பராமரிப்பு பணம் கட்டணும், அதைத்தான் சொல்றாங்க.) அப்புறம் ஒரு நம்பருக்கு "இப்ப வேணாம்"ங்கிற அர்த்தத்துல ஒரு வார்த்தையை எஸ்எம்எஸ் அனுப்பினா ஒரு கேம் வரும், அனயா, லூயிஸ்னு ரெண்டு கற்பனை டீன்ஏஜர் கதை மெசேஜ் மெசேஜா வரும். கர்ப்பமா இருக்கிற அனயாவை ஸ்கூல் பார்ட்டில அவ பெஸ்ட் ஃப்ரெண்டே குண்டுன்னு கேவலமா பேசினாங்கிறதும் அதுல ஒரு மெசேஜ். அரசாங்க காசுல ஒரு பொண்ணோட உடம்பை கிண்டல் பண்ற மெசேஜ் பசங்க போனுக்கு போயிருக்கு. எனக்கு போஸ்டரை விட இதுதான் இன்னும் உறுத்துது.

இந்த பிரச்சாரத்துக்கு சுமார் 4 லட்சம் டாலர் செலவுன்னு அப்ப செய்தி வந்துச்சு. ஆனா போஸ்டர்ல கருத்தடை பத்தி ஒரு வார்த்தை கிடையாது. காண்டம் எங்க கிடைக்கும், எந்த கிளினிக் போகலாம், அம்மா அப்பாவுக்கு தெரியாம போக முடியுமா, ஒரு 16 வயசு பொண்ணு மனசுல நிஜமா இருக்கிற இந்த கேள்வி எதுக்கும் பதில் இல்ல.

ஏன் இப்படி ஆச்சுன்னு புரிஞ்சுக்க யார் பண்ணாங்கன்னு பாருங்க. இது சுகாதாரத்துறை பண்ணது இல்ல. ஹியூமன் ரிசோர்சஸ் அட்மினிஸ்ட்ரேஷன்னு ஒரு துறை, ஃபுட் ஸ்டாம்ப் (ஏழைங்க சாப்பாட்டுச் செலவுக்கு அரசு குடுக்கிற உதவி), ஏழைக் குடும்பங்களுக்கு உதவித்தொகை, விட்டுட்டு போன அப்பாகிட்ட பிள்ளைக்கு காசு வாங்கி குடுக்கிறது, இதெல்லாம் பாக்குற துறை. அப்ப கமிஷனர் ராபர்ட் டோர், மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க். தினமும் உதவித்தொகை ஃபைலை புரட்டுற ஆபீஸ்ல உக்காந்து பாத்தா டீன்ஏஜ் கர்ப்பம் ஒரு செலவுக் கணக்காத்தான் தெரியும், போஸ்டரும் அதே கண்ணோட வந்துச்சு. அதே ஊர்ல அதே மேயர் கீழ சுகாதாரத்துறை வேற ஒரு வேலையை சத்தமில்லாம பண்ணிட்டு இருந்துச்சு, 2011ல இருந்து சில ஹைஸ்கூல்கள்ல நர்ஸ் மூலமா கருத்தடை மாத்திரை, அவசர கருத்தடை மாத்திரை எல்லாம் குடுத்தாங்க. அந்த வருஷமே மிடில் ஸ்கூல், ஹைஸ்கூல்ல பாலியல் கல்வியை நகர நிர்வாகம் கட்டாயமாக்குச்சு. அப்ப ஒரே நகராட்சியோட ஒரு கை பொண்ணுக்கு மாத்திரை குடுக்குது, இன்னொரு கை அவ போற ட்ரெயின்ல அழுற குழந்தை படத்தை ஒட்டுது. மாத்திரை எங்க கிடைக்கும்னு அந்த போஸ்டர்ல ஒரு வரி போட்டிருந்தாலே பாதி சண்டை வந்திருக்காதுன்னு நான் நினைக்கிறேன்.

அந்த "ரெண்டு மடங்கு" கணக்குக்கு வருவோம், உங்க டிபேட்ல இது கட்டாயம் வரும். டீன்ஏஜ் அம்மாக்களோட பிள்ளைங்க ஸ்கூல் முடிக்காம போறது அதிகம்ங்கிற புள்ளிவிவரம் பொய் இல்ல. ஆனா அம்மா வயசு கம்மியா இருந்ததாலதான் அது நடந்துச்சுன்னு சொன்னா அங்கதான் தகராறு. டீன்ஏஜ்ல பிள்ளை பெத்துக்கிற பொண்ணுங்க பெரும்பாலும் ஏற்கனவே ஏழைக் குடும்பம், மோசமான ஸ்கூல், வேலையே கிடைக்காத ஏரியா. அவளே 25 வயசுல பெத்திருந்தா அந்த பிள்ளைக்கு வேற ஸ்கூல் கிடைச்சிருக்குமா, அதே தெரு அதே ஸ்கூல்தானே? இதை பிரிச்சு பாக்க 1992ல ஆர்லீன் ஜெரோனிமஸ், சேண்டர்ஸ் கோரன்மேன்னு ரெண்டு பேர் ஒரு நல்ல வேலை பண்ணாங்க. ஒரே வீட்டு அக்கா தங்கச்சிங்களை எடுத்து, ஒருத்தி டீன்ஏஜ்ல பெத்தவ, இன்னொருத்தி லேட்டா பெத்தவ, ரெண்டு பேரும் பின்னாடி எப்படி இருக்காங்கன்னு ஒப்பிட்டாங்க. பொதுவா சொல்ற பெரிய வித்தியாசம் ரொம்பவே சுருங்கிப் போச்சு. அப்புறம் ஜோசப் ஹாட்ஸ் குழு டீன்ஏஜ்ல கர்ப்பமாகி பிள்ளை பெத்தவங்களையும், அதே வயசுல கர்ப்பமாகி கரு கலைஞ்சு போனவங்களையும் ஒப்பிட்டாங்க, அதுலயும் அதே கதைதான், அம்மாவுக்கு வர்ற நஷ்டம்னு நினைச்சதுல பெரும்பகுதி வயசால வந்தது இல்ல. இதுக்காக 15 வயசுல பிள்ளை பெத்துக்கிறது பரவாயில்லன்னு யாரும் சொல்லல, நானும் சொல்லல. உடம்புக்கும் கஷ்டம், படிப்புக்கும் கஷ்டம், அந்த பொண்ணுங்கள்ல பெரும்பாலானவங்களே இப்ப வேணாம்னு நினைக்கிற கர்ப்பம்தான் அது. ஆனா வறுமை பண்ண வேலைக்கு பூரா ஒரு 17 வயசு பொண்ணை காரணம் காட்டி, அதை அவ பிள்ளை வாயாலேயே சொல்ல வைக்கிறது நேர்மையான விளம்பரம் கிடையாது.

இப்ப அந்த ட்ரெயின் பெட்டியை யோசிங்க. பிராங்ஸ்ல இருந்து காலைல கிளம்புற ட்ரெயின், 18 வயசு பொண்ணு ஒருத்தி மடில பிள்ளையோட உக்காந்திருக்கா, டே கேர்ல விட்டுட்டு கிளாஸுக்கு ஓடணும். எதிர் சுவத்துல அவ பிள்ளை வயசுல ஒரு பிள்ளை அழுதுட்டு "உன்னாலதான் நான் உருப்பட மாட்டேன்"ங்குது. பக்கத்து சீட்டுக்காரங்க போஸ்டரை பாக்குறாங்க, அவளை பாக்குறாங்க. இந்த போஸ்டரால அவ என்ன பண்ண முடியும்? பெத்த பிள்ளையை திருப்பி வைக்க முடியாது. ஸ்கூலை விடாம படிக்கணும்னு அவளுக்கு அந்த நேரத்துல தேவைப்பட்ட தைரியத்தைத்தான் அது கொஞ்சம் புடுங்கிட்டு போகும். அப்ப நிறைய இளம் அம்மாக்கள் வெளிப்படையா இதைத்தான் சொன்னாங்க. கருத்தடை, கருக்கலைப்பு சேவை குடுக்கிற பிளான்ட் பேரண்ட்ஹுட் அமைப்போட நியூயார்க் கிளையும் அதே பக்கம் நின்னாங்க, இது களங்கத்தைத்தான் உண்டாக்குது, இளைஞர்களுக்கு வேற கனவு எதையும் காட்டலன்னு கண்டிச்சாங்க.

எதிர்த்தரப்பு வாதத்தை லேசா தள்ளிடாதீங்க, அதுல விஷயம் இருக்கு. அந்த மார்ச்லயே ரிச்சர்ட் ரீவ்ஸ்னு ஒரு ஆய்வாளர் நியூயார்க் டைம்ஸ்ல எழுதினார், வெட்கம்ங்கிறது கெட்ட வார்த்தை இல்ல, ஒரு சமூகம் சில நடத்தையை தப்புன்னு நினைக்குதுன்னா அதை சொல்லத்தான் வேணும், அதுவும் நல்லது பண்ணும்ங்கிற மாதிரி. சிகரெட்டும் குடிச்சிட்டு வண்டி ஓட்டுறதும் கொறைஞ்சதுல வெட்கத்துக்கு பங்கு உண்டுன்னு இதே பக்கம் பேசுறவங்க சொல்வாங்க, அதை நானும் மறுக்கல. டோர் தரப்பும் இது உண்மையை ஒளிக்காம சொல்ற முயற்சின்னுதான் விளக்கம் குடுத்தாங்க.

சரி, சிகரெட்டையே எடுப்போம். 2012ல அமெரிக்காவோட சிடிசி (நோய்க் கட்டுப்பாட்டு மையம்), முன்னாள் புகை பிடிக்கிறவங்களை வச்சு ஒரு விளம்பரத் தொடர் விட்டாங்க. டெர்ரி ஹால்னு ஒரு அம்மா, தொண்டைல கேன்சர் வந்து குரல்வளையை எடுத்தாச்சு, கழுத்துல ஓட்டை. காலைல ரெடி ஆகுறது எப்படின்னு காட்டுறாங்க, பல் செட்டை மாட்டுறாங்க, விக்கை வைக்கிறாங்க, கழுத்துல இருக்கிற கருவியை மாட்டி அதை மறைக்க ஸ்கார்ஃபை சுத்துறாங்க. பாக்கவே முடியாது, அவ்ளோ கடுமை. அது வேலை செஞ்சுதா? செஞ்சுது. சிகரெட்டை விட உதவுற இலவச ஹெல்ப்லைனுக்கு வந்த கால் ரெண்டு மடங்குக்கு மேல ஆச்சு, சுமார் 16 லட்சம் பேர் அந்த பிரச்சாரத்தால விட முயற்சி பண்ணாங்க, அதுல சுமார் 1 லட்சம் பேர் நிரந்தரமா விட்டிருப்பாங்கன்னு 2013ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல ஆய்வு வந்துச்சு. இது நியூயார்க் போஸ்டரை விட பத்து மடங்கு கடுமை, ஆனா நான் இதை முழு மனசோட ஆதரிப்பேன். ஏன்னா அங்க பேசுறது கஷ்டப்பட்ட ஆளே, தன் கதையை தானே இஷ்டப்பட்டு சொல்றாங்க. கடைசில ஒரு போன் நம்பர் இருக்கு, கூப்பிட்டா எடுப்பாங்க. அப்புறம் சிகரெட் ஒரு பொருள், அதை எவ்ளோ வெறுக்க வச்சாலும் யாருக்கும் நஷ்டம் இல்ல. பிள்ளை ஒரு உயிர், அதுவும் வளர்ந்து போஸ்டரை எழுத்துக்கூட்டி படிக்கும்.

இந்த போன் நம்பர் விஷயத்துக்கு பின்னாடி ஒரு தியரியும் இருக்கு, டிபேட்டுக்கு உதவும். கிம் விட்டேன்னு ஒரு தகவல் தொடர்பு ஆராய்ச்சியாளர் 1992ல முன்வச்சது. பயமுறுத்துற செய்தியை பாக்குறவங்க மனசுல ரெண்டு கணக்கு ஓடும், ஆபத்து எவ்ளோ பெருசு, அதை தடுக்க என்னால ஏதாவது முடியுமா. ஆபத்தும் பெருசு, என்னாலயும் முடியும்னு தோணினா ஆள் இறங்கி செய்வான். ஆபத்து பெருசு ஆனா என் கைல ஒண்ணும் இல்லன்னு தோணினா ஆபத்தோட சண்டை போட மாட்டான், பயத்தோட சண்டை போடுவான். அதாவது பாக்காத மாதிரி திரும்பிப்பான், "எனக்கெல்லாம் நடக்காது"ம்பான், இல்ல விளம்பரம் போட்டவனை திட்டுவான். வெறும் பயத்தை மட்டும் கூட்டிட்டே போனா ரெண்டாவது ஆள்தான் பெருகுவான்.

கடுமையா இருந்தும் இன்னும் கொஞ்சம் ஒழுங்கா பண்ண உதாரணமா நான் சொல்றது 2000 வாக்குல வந்த ஒரு தொடர். டீன்ஏஜ் கர்ப்பத் தடுப்புக்குன்னே இருந்த ஒரு தேசிய அமைப்பு விட்டது. ஒரு டீன்ஏஜர் நிக்கிறாங்க, அவங்க மேல குறுக்க பெரிய எழுத்துல ஒரே ஒரு வார்த்தை, "மலிவு"ன்னு ஒண்ணு, "அழுக்கு"ன்னு ஒண்ணு. தூரத்துல இருந்து பாத்தா அந்த பொண்ணையே திட்டுற மாதிரி இருக்கும், கிட்ட போய் பாத்தா அந்த வார்த்தை ஒரு சின்ன வாக்கியத்துக்குள்ள இருக்கும். காண்டம் மலிவுதான், ஒண்ணு யூஸ் பண்ணியிருந்தா நான் கர்ப்பம்னு வீட்ல சொல்ல வேண்டி வந்திருக்காது. இன்னொண்ணு, ஃப்ரெண்ட்ஸோட வெளிய போகணும்னு ஆசை, ஆனா வீட்ல அழுக்கு டயப்பர் மாத்திட்டு இருக்கேன். இதுலயும் பொண்ணை அசிங்கப்படுத்துறாங்கன்னு அப்ப எதிர்ப்பு வந்துச்சு, தூரத்துல இருந்து பாக்குறவன் அந்த ஒரு வார்த்தையை மட்டும்தான் படிப்பான், அந்த குறை நியாயம்தான். ஆனா பாருங்க, பேசுறது டீன்ஏஜரே, பேசுறதும் அந்த ராத்திரிக்கு முன்னாடி என்ன பண்ணியிருக்கலாம்ங்கிறதைப் பத்தி, காண்டம்ங்கிற வார்த்தையும் வாயை திறந்து சொல்லியிருக்காங்க.

அடுத்தது மில்வாக்கீ, அமெரிக்காவுல இன்னொரு ஊர். இதை எதிர்த்தரப்பு கண்டிப்பா எடுப்பாங்க, ஏன்னா எண்ணிக்கை அவங்க பக்கம் நல்லா இருக்கு. அங்க யுனைடெட் வேங்கிற தொண்டு அமைப்பும் சர்வ்ங்கிற தன்னார்வ விளம்பர அமைப்பும் சேர்ந்து பண்ண படம் உலகம் பூரா சுத்துச்சு, டீன்ஏஜ் பையன் சட்டை இல்லாம நிக்கிறான், வயிறு ஒன்பது மாசம். இது பொண்ணா இருந்தாலும் இதே அளவுக்கு உங்களை உறுத்தணும்ங்கிற அர்த்தத்துல கீழ எழுத்து. 2013ல சிகாகோ சுகாதாரத்துறையும் அதே மாதிரி பையன் படங்களை பஸ், ட்ரெயின்ல போட்டு, எதிர்பாக்கலையா, டீன்ஏஜ் கர்ப்பம் பெரும்பாலும் எதிர்பாராததுதான்னு எழுதினாங்க. மில்வாக்கீல 15ல இருந்து 17 வயசு பொண்ணுங்க பிரசவ விகிதத்தை 2015க்குள்ள 46 சதவீதம் கொறைக்கணும்னு இலக்கு வச்சாங்க, அதுக்கு முன்னாடியே தாண்டிட்டாங்க.

இந்த படத்தை பத்தி எனக்கு நல்ல அபிப்ராயம்தான். பசங்களை சட்டுனு பிடிச்சு நிறுத்தும், "இது அவ பிரச்சனை"ன்னு நினைக்கிறவன் தன் வயித்தை தொட்டு பாப்பான். ஆனா அந்த எண்ணிக்கையை அப்படியே விளம்பரத்துக்கு எழுதி குடுத்துடாதீங்க. ஏன்னா அங்க விளம்பரம் மட்டும் நடக்கல, ஸ்கூல்ல பாடத்திட்டத்தை மாத்தினாங்க, சமூக அமைப்புகளுக்கு காசு போச்சு, நாடு பூராவும் அதே நேரத்துல விகிதம் சரிஞ்சிட்டு இருந்துச்சு. 15ல இருந்து 19 வயசுல 1,000 பொண்ணுங்களுக்கு பிரசவம் 1991ல 61.8, 2007ல 41.5, 2013ல 26.5, 2023ல 13 கிட்ட வந்துடுச்சு. அந்த போஸ்டர் ஒட்டுறதுக்கு முன்னாடியே நியூயார்க்ல டீன்ஏஜ் கர்ப்பம் பத்து வருஷத்துல 27 சதவீதம் கொறைஞ்சிருந்துச்சு, இது சிட்டியே சொன்ன கணக்கு.

மில்வாக்கீ பண்ண இன்னொரு வேலையை யாரும் பேசுறதில்ல, எனக்கு அதுதான் முக்கியம். 2006ல யுனைடெட் வே ஒரு அறிக்கை விட்டுச்சு, டீன்ஏஜ் பொண்ணுங்க பெத்த பிள்ளைங்களோட அப்பாக்கள்ல நிறைய பேரு டீன்ஏஜே கிடையாது, 20 தாண்டின ஆம்பளைங்க. அதாவது இதுல கணிசமான பகுதி சட்டப்படி குற்றம், வயசு வித்தியாசத்தை வச்சு ஏமாத்தினது, மிரட்டினது. அங்க அந்த ஆம்பளைங்களை குறி வச்சும் விளம்பரம் போட்டாங்க. இப்ப நியூயார்க் போஸ்டரை திரும்ப பாருங்க, "அவன் நிலைக்க மாட்டான்"னு பொண்ணுகிட்ட சொல்லுது. பலவந்தப்படுத்தப்பட்ட 15 வயசு பொண்ணு அந்த போஸ்டரை பாத்தா என்ன நினைக்கும்? தான் எடுக்காத முடிவுக்கு தன் பிள்ளைகிட்டயே பதில் சொல்லணும்னு நினைக்கும். இதை விட எல்லை மீறல் என்ன வேணும்.

"பயமுறுத்தினா பயப்படுவாங்க"ங்கிற நம்பிக்கையே எவ்ளோ ஆட்டம் காணுதுன்னு தெரியணும்னா மேற்கு ஆஸ்திரேலியா பொம்மை ஆய்வை படிங்க. நிஜ குழந்தை மாதிரி ராத்திரில அழுற, பால் கேக்குற, டயப்பர் மாத்த சொல்ற எலக்ட்ரானிக் பொம்மையை 13ல இருந்து 15 வயசு பொண்ணுங்ககிட்ட ஒரு வார இறுதிக்கு குடுத்து அனுப்புவாங்க, தூக்கம் கெட்டா புத்தி வரும்ங்கிற கணக்கு. சாலி பிரிங்க்மேன் குழு பெர்த்ல 57 ஸ்கூல்கள்ல கிட்டத்தட்ட 2,800 பொண்ணுங்களை எடுத்து, சில ஸ்கூலுக்கு பொம்மை, சில ஸ்கூலுக்கு வழக்கமான பாடம்னு பிரிச்சு, 20 வயசு வரைக்கும் ஆஸ்பத்திரி ரெக்கார்டை வச்சு தொடர்ந்து பாத்தாங்க, 2016ல லான்செட்ல வந்துச்சு. பொம்மை வாங்கிட்டு போன பொண்ணுங்கள்ல 8 சதவீதம் பேருக்கு பிரசவம், வாங்காதவங்கள்ல 4. கருக்கலைப்பும் 9க்கு 6. கொறையும்னு நினைச்சு பண்ணது கூடிப்போச்சு! எல்லா ஊர்லயும் இதே ஆகும்னு இதை வச்சு சொல்ல முடியாது, ஆனா நல்லெண்ணத்துல பண்ண மிரட்டல் திரும்பி நம்மளையே அடிக்கும்ங்கிறதுக்கு இவ்ளோ சுத்தமான ஆதாரம் அபூர்வம்.

நியாயமா இன்னொரு பக்கமும் சொல்லணும். எம்டிவில 2009ல ஆரம்பிச்ச ஒரு ரியாலிட்டி ஷோ, 16 வயசுல கர்ப்பமான பொண்ணுங்க வாழ்க்கையை காட்டுறது. அது ஆரம்பிச்ச ஒன்றரை வருஷத்துல டீன்ஏஜ் பிரசவத்தை 5.7 சதவீதம் கொறைச்சதுன்னு மெலிசா கெர்னி, ஃபிலிப் லெவின் கணக்கு போட்டாங்க, எபிசோட் வந்த நேரத்துல கருத்தடை பத்தி கூகுள்ல தேடுறது, ட்விட்டர்ல பேசுறது கூடுச்சுன்னும் காட்டினாங்க. அந்த முறை சரியில்லன்னு டேவிட் யேகர், தியடோர் ஜாய்ஸ், ராபர்ட் கேஸ்ட்னர் பின்னாடி மறுத்தாங்க, அந்த சண்டை தனி. நான் கவனிக்கிறது வேற. அங்க பொண்ணுங்க தங்க கதையை தாங்களே பேசினாங்க, பாத்தவங்க போய் தேடினதும் கருத்தடை பத்தி.

நிஜமா எண்ணிக்கையை இறக்கினது எதுன்னா, சலிப்பான பதில்தான், கைக்கு எட்டுற கருத்தடை. 2007ல இருந்து 2012 வரைக்கும் அமெரிக்க டீன்ஏஜ் கர்ப்பம் சரிஞ்சதுக்கு முழுக்க முழுக்க கருத்தடை பயன்பாடு மேம்பட்டதுதான் காரணம்னு லாரா லிண்ட்பெர்க் குழு 2016ல காட்டினாங்க, அந்த காலத்துல டீன்ஏஜர்கள் உறவு வச்சுக்கிறது பெருசா கொறையவே இல்ல. கொலராடோல 2009ல ஒரு தனியார் அறக்கட்டளை காசுல காப்பர் டி வகை சாதனம், கைல வைக்கிற இம்ப்ளான்ட் எல்லாம் இலவசமா குடுத்தாங்க. 2013க்குள்ள மாநிலத்துல டீன்ஏஜ் பிரசவம் சுமார் 40 சதவீதம் கொறைஞ்சுது, கருக்கலைப்பும் அதே அளவுக்கு கொறைஞ்சுது. இங்கிலாந்துல 1999ல அரசு ஒரு பத்து வருஷ திட்டம் போட்டு, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு ஒருங்கிணைப்பாளர், ஸ்கூல்ல பாலியல் கல்வி, இளைஞர்களுக்கு ஏத்த கிளினிக், ஏற்கனவே அம்மா ஆனவங்களுக்கு படிக்க உதவின்னு செஞ்சாங்க. 18 வயசுக்குள்ள கருத்தரிக்கிறது 1998ல 1,000க்கு 47 கிட்ட இருந்தது 2018ல 17க்கும் கீழ. அதே இங்கிலாந்துல லெஸ்டர் ஊர் என்ஹெச்எஸ் (அரசு மருத்துவ சேவை) 2009ல ஸ்கூல் மைதானத்துல ஒரு பொண்ணு பிரசவிக்கிறதை யாரோ போன்ல எடுத்த மாதிரி ஒரு அதிர்ச்சி வீடியோ விட்டு, யூடியூப் அதை நீக்கி, பேப்பர் பூரா பேச்சாச்சு. வீடியோவை எல்லாரும் ஞாபகம் வச்சிருக்காங்க, ஒருங்கிணைப்பாளர் ஒருத்தர் பேரும் யாருக்கும் தெரியாது.

கேண்டீஸ் ஃபவுண்டேஷன் கதையை வேகமா சொல்லிடுறேன். ஒரு ஃபேஷன் பிராண்ட் சார்பா நீல் கோல் ஆரம்பிச்ச அமைப்பு. 2009ல அரசியல்வாதி சாரா பேலினோட பொண்ணு பிரிஸ்டல் பேலினை, அவங்களே டீன்ஏஜ் அம்மா, தூதரா வச்சு 2,62,500 டாலர் குடுத்தாங்க. 2013ல பிரபலங்களை வச்சு, நீ உலகத்தை மாத்த வேண்டியவ, டயப்பர் மாத்த வேண்டியவ இல்லன்னு விளம்பரம் விட்டாங்க. அதை பாத்து ஏழு இளம் அம்மாக்கள் சேர்ந்து எதிர்ப்பு பிரச்சாரம் ஆரம்பிச்சாங்க, டயப்பரும் மாத்துறோம், காலேஜும் படிக்கிறோம், எங்களை அசிங்கப்படுத்தாதீங்கன்னு. யாரை காட்டி ஊரை பயமுறுத்தினாங்களோ அவங்களே எழுந்து பேசினதால இந்த விவாதம் பூராவும் திசை மாறுச்சு.

2015 கடைசில அதே நியூயார்க் ட்ரெயின்லயே சுகாதாரத்துறை வேற ஒரு விளம்பரம் ஒட்டுச்சு. ராத்திரி புரூக்ளின்ல தங்கிட்ட, உன் கருத்தடை மாத்திரை ஊரோட இன்னொரு பகுதியான ஸ்டேட்டன் ஐலண்ட்ல இருக்கு, அப்ப காப்பர் டி மாதிரி ஒண்ணு உனக்கு சரிப்படலாமோ, அவ்ளோதான் செய்தி. அழுற குழந்தை இல்ல, சாபம் இல்ல. அந்த பொண்ணு ராத்திரி எங்கேயாவது தங்குவாங்கிறதை ஒரு உண்மையா ஏத்துக்கிட்டு, மாத்திரையை மறந்துட்டு வர்ற நிஜ பிரச்சனைக்கு ஒரு நிஜ வழி சொல்றாங்க. இதுக்கும் முகம் சுளிச்சவங்க இருந்தாங்க, அது வேற விஷயம். ஆனா படிச்சிட்டு ட்ரெயினை விட்டு இறங்கினவளுக்கு அடுத்து செய்ய ஒரு காரியம் இருந்துச்சு.

டிபேட்டுக்கு வர்றேன். "கடுமை தப்பு"ன்னு மட்டும் நிக்காதீங்க, டெர்ரி ஹால் விளம்பரத்தை எடுத்து ஒரே நிமிஷத்துல உங்களை மடக்கிடுவாங்க. போஸ்டரை ஸ்கிரீன்ல போட சொல்லுங்க, இதுல பேசுறது யாரு, ஏற்கனவே அம்மா ஆனவ இதை பாத்தா என்ன பண்ணணும், இன்னும் ஆகாதவ என்ன பண்ணணும், அதுக்கான நம்பரோ அட்ரஸோ எங்க இருக்குன்னு எதிர்த்தரப்பையே தேடி காட்ட சொல்லுங்க. மில்வாக்கீயை எடுத்தாங்கன்னா அந்த 2006 அறிக்கையை நீங்க எடுங்க. ரீவ்ஸோட வாதத்தை மட்டும் யாராவது நல்லா படிச்சிட்டு வந்து பேசினா கொஞ்சம் கஷ்டம்தான், அதுக்கு அக்கா தங்கச்சி ஆய்வை தயாரா வச்சுக்கோங்க.